காவல் பூனை

சகெனே ஆற்றங்கரையில்
எங்கள் ஊர் சீஸ் தொழிற்சாலைக்கு
முப்பத்திரண்டு வருடம் நான்தான் நாக்கு.
உப்பு போதுமா, புளிப்பு ஏறிற்றா,
ரொசேர் தலையசைத்தால்தான் பெட்டியை மூடுவார்கள்.
முதல் மூன்று வருடம் சுவைத்து விழுங்கினேன்.
மீதியெல்லாம் சுவைத்துத் துப்பினேன்.
துப்பும் தகர வாளியைப் பார்த்துப்
புதுப் பையன்கள் சிரிப்பார்கள்.

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தார்கள்.
அந்தப் பூனைக்குப் பால் ஆகாது.
அது பூனைக்கே தெரியாது, அந்த மூன்று வருடமும்.

ஒரு பிப்ரவரி ராத்திரி
வயிற்றைப் பிடித்துக்கொண்டு
ஆஸ்பத்திரித் தரையில் புழுவாய்ச் சுருண்டேன்.
கணையம் வெந்துகொண்டிருந்தது.
"ஒரு நாளைக்கு எத்தனை புட்டி?"
என்று கேட்டார் டாக்டர் கரோன்.
தொடுவதில்லை என்றேன்.
அவர் ஜினெட்டைப் பார்த்தார்.
தொடுவதில்லை என்றாள் அவளும்.
பேனாவை அவர் மூடிய சத்தத்திலேயே தெரிந்தது
எங்கள் இருவரையும் அவர் நம்பவில்லையென்று.

ரத்தம் எடுத்த நர்ஸ் ஜெர்மேன்தான்
குழாயை ஜன்னலருகே கொண்டுபோனாள்.
வெளியே பனி. கையில்
ஸ்ட்ராபெரி பால் போல என் ரத்தம்.
சற்று நேரம் நிறுத்திவைத்தாள்.
மேலே இரண்டு விரற்கடைக்கு
ஏடு படிந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது
தாழி உடைந்ததாகச் சொல்வார்கள்.
என் தாழி உடையவில்லை.
திரண்டுகொண்டே இருந்தது.

அப்பா வழியில் ஒரு பிழை, அம்மா வழியில் அதே பிழை.
இருவரும் நலமாய் இருந்தார்கள்,
நான் பிறந்தேன்.
கொழுப்பைக் கரைக்க ரத்தத்தில் இருக்கவேண்டிய ஒன்று
எனக்கு இல்லையாம்.
மருந்தும் விருந்தும் மூன்று நாள் என்பது
நல்ல ரத்தக்காரர்கள் சொன்ன கணக்கு.
என் கணக்கு: நாளொன்றுக்குப் பதினைந்து கிராம்,
சாகும்வரை.

ஜினெட் அடுப்புக்குப் பக்கத்தில் தராசு வைத்தாள்.
தோலுரித்த வான்கோழி நெஞ்சு,
தண்ணீரில் வெந்த காட் மீன்,
பார்லி, மஞ்சள் பட்டாணி, முட்டையின் வெள்ளை மட்டும்.
மஞ்சளை நாய்க்குப் போட்டோம்;
நாய் மினுமினுத்தது.
மார்ச்சில் மேப்பிள் பாகு காய்ச்சும் வாசனை
ஊரெல்லாம் திரியும்போது
ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். சர்க்கரையும் எதிரிதான்.
மருந்துக்கடையில் ஒரு எண்ணெய் தந்தார்கள்,
தேங்காயிலிருந்து பிரித்தது,
இது மட்டும் என் ரத்தத்தை ஏமாற்றிவிட்டு
நேராகக் கல்லீரலுக்குப் போய்விடுமாம்.
தென்னைமரத்தை நான் பார்த்ததில்லை.
தேக்கரண்டியை நக்கும்போதெல்லாம்
எங்கோ நிற்கும் அதற்கு நன்றி சொல்வேன்.

கிறிஸ்துமஸ் இரவில்
பத்தொன்பது பேருக்கு இறைச்சிப் பை வேகும்.
எனக்கு அதிலிருந்து
ஓர் உருளைக்கிழங்குத் துண்டு.
அதையும் ஜினெட் துணியால் ஒற்றித்தான் தருவாள்,
குழந்தையின் வாயைத் துடைப்பதுபோல.
ஒரு வருடம் அவள் திரும்பிய நேரத்தில்
மேலோட்டில் ஒரு விள்ளல் தின்றேன்.
ருசி நினைவில்லை.
ஜனவரி முழுக்க ஆஸ்பத்திரிக் கூரையில்
எத்தனை ஓட்டை என்பது நினைவிருக்கிறது.

போன மாதம் ஓய்வு.
கைதட்டினார்கள். மாலை மாதிரி ரிப்பன் சுற்றிப்
பரிசு தந்தார்கள்:
பன்னிரண்டு கிலோ சீஸ், ஒரே சக்கரமாக.
முதலாளி புதியவர். யாரும் சொல்லவில்லை போல.

சறுக்குவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு
இரண்டு தெரு தாண்டி டாக்டர் கரோன் வீட்டுக்குப் போனேன்.
எண்பது வயது. கதவைத் திறந்தவர்
சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"எனக்கும் ஆகாது" என்றார்.
"நெஞ்சில் இரண்டு கம்பிச்சுருள். ஓட்ஸ் கஞ்சிதான்."

சமையலறை மேசையில்
நடுவே சீஸ், இருபுறமும் நாங்கள்,
குளிருக்குக் கையிலே வெந்நீர்.
வெகுநேரம் கழித்துக் கேட்டார்:
"அன்றைக்கு எத்தனை புட்டி என்று கேட்டேன், இல்லையா?"
"கேட்டீர்கள்."

கத்தி எடுத்து வந்தார்.
மெல்லிசாய் ஒரு சீவல் வெட்டி
கத்தி நுனியிலேயே நீட்டினார்.
நாக்கில் வைத்தேன். கண்ணை மூடினேன்.
எழுந்துபோய்ப் பின்கதவைத் திறந்து
பனியில் துப்பினேன்.

"என்ன?" என்றார்.
"இன்னும் இரண்டு மாதம்
பழுக்க விட்டிருக்கலாம்."